இன்னும் ஒரு சுற்று

ஸ்க்ரூ டிரைவர் கையில் கிடைத்தால் நீங்கள் எந்தக் கட்சி? ‘போதும்’ என்று நிறுத்துகிறவரா, ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இன்னும் ஒரு சுற்று சுற்றுகிறவரா?

நான் இரண்டாவது கட்சி. எங்கள் வீட்டில் நான் மூடிய ஊறுகாய் பாட்டிலை நானேதான் திறந்தாக வேண்டும். நான் மூடிய குழாய்களின் வாஷர்கள் எல்லாம் அற்பாயுசில் போய்ச் சேர்ந்தன. இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெரினா. சுண்டல் ஆயிற்று, குதிரை ஆயிற்று, அடுத்தது பலூன் சுடும் கடை. உங்களுக்கும் தெரிந்த கடைதான். பலகையில் வரிசையாகக் கலர் பலூன்கள், முன்னால் பெஞ்சு, இரண்டு ஏர் கன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பத்து வயது மகன் சுட்டான். ஒன்றும் வெடிக்கவில்லை.

“அந்த துப்பாக்கி கொஞ்சம் ஆடும் கண்ணு. கீழ இருக்கற பச்சையப் பாத்து சுடு, மேல இருக்கற செவப்பு வெடிக்கும்” என்றார் அக்கா. சுட்டான். சிவப்பு வெடித்தது. பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை. பச்சையைக் குறிவைத்தால் சிவப்பு வெடிப்பதா? என்ன நியாயம் இது? வாங்கிப் பார்த்தேன். குழாயை மடக்கி குண்டு போடுகிற வகை. குழாய் மடங்குகிற இடத்தில் ஒரு பெரிய ஸ்க்ரூ. அது லூஸ். குழாய் லேசாக ஆடியது.

“ஸ்க்ரூ லூஸா இருக்குக்கா. ஒரே நிமிஷம்.”

“வேணாம் சார்... அது அப்டியே ஓடிக்கினு இருக்குது...”

அவர் முடிப்பதற்குள் என் சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி திருப்புளி வேலையை ஆரம்பித்துவிட்டது. ஒரு சுற்று. ஆட்டம் நின்றது. அங்கே நிறுத்தியிருக்கலாம். எதுக்கும் இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று.

குழாய் மடங்கவில்லை. அக்கா இழுத்தார், நான் இழுத்தேன், பக்கத்து பஜ்ஜிக்கடைக்காரர் முழங்காலில் வைத்து இழுத்தார். ம்ஹூம். தளர்த்தலாம் என்று திருப்புளியை எதிர்ப்பக்கம் திருகினேன். அது வழுக்கி வழுக்கி ஸ்க்ரூவின் வாயையே சிதைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரிசையில் நிற்கிறது. இரண்டு துப்பாக்கியில் ஒன்று இப்போது வெறும் கம்பு.

அக்கா திட்டவில்லை. “பரவால்ல வுடுங்க சார்” என்றார். திட்டியிருக்கலாம்.

ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். கொஞ்சம் யோசித்து வாங்கிக்கொண்டார். “இது இன்னிக்கு வருமானத்துக்கு சரியாப் போச்சு. துப்பாக்கி?”

பழைய பெட்ஷீட்டில் சுற்றி, மறுநாள் காலை சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டறைப் பெரியவரின் முதல் கேள்வி: “கடைசியா சுட்டுட்டுத்தானே இறுக்குன?” சுட்டபிறகுதான் என்றேன். அவர் நம்பவில்லை. மணல் மூட்டையைப் பார்த்துக் குறிவைத்து விசையை அழுத்தினார். சத்தமில்லை. பிறகுதான் கையே வைத்தார். விஷயம் இதுதான்: குழாயை மடக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருங்கி மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தினால் அது பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை அழுத்தும். காற்று குண்டைத் தள்ளும். சுருங்கிய ஸ்பிரிங்கோடு விளையாடினால் விரல் போகும்.

அப்புறம் ஸ்க்ரூவைச் சுற்றி மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டார். “நாளைக்கு வா.”

“இப்பவே திருகிப் பாக்கலாமே?”

“நேத்து நீ பாத்தியே, அந்த மாதிரியா?”

வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் பயன்படும். ஒரு பழைய திருப்புளியைச் சாணை பிடித்து, சிதைந்த வாய்க்குள் இடைவெளியே இல்லாமல் உட்காரும்படி செய்தார். பாதி உட்காரும் திருப்புளிதான் வாயைக் கெடுக்குமாம். சூடான சால்டரிங் இரும்பை ஸ்க்ரூவின் தலையில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். சூட்டில் இரும்பு விரியும், ஆறினால் சுருங்கும். அந்த அசைவில் கடற்காற்றுத் துருவின் பிடி விடும். பிறகு திருப்புளியை வைத்து அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு. கடைசியாக, தளர்த்துவதற்கு முன்னால் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கமாகவே திருகினார். ‘டிக்’ என்றது. அதன் பிறகு குழந்தை மாதிரி கழன்று வந்தது.

புது ஸ்க்ரூ ஒன்று கடைந்து போட்டார். எவ்வளவு இறுக்குவது? “முழுசா மடக்கி ஸ்பிரிங் மாட்டினப்புறம், குழாயைப் பாதி வரைக்கும் தூக்கிக் கைய எடு. தானா தொங்கக் கூடாது. மடக்கறதுக்கு மல்லுக்கட்டவும் கூடாது. அவ்ளோதான்.”

பி.காமில் ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என்று ஒன்று படித்தேன். முதல் இட்லி அமிர்தம், பத்தாவது இட்லி தண்டனை. பரீட்சையில் முழு மார்க். ஸ்க்ரூவுக்கும் அதேதான் என்று யாரும் சொல்லித் தரவில்லை. முதல் சுற்று பிடிப்பு, கடைசிச் சுற்று நாசம்.

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் பலூன் கடை மாதிரி அதே 4.5 மில்லிமீட்டர் குண்டுதான். அங்கே நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அந்த வீரர்கள் துப்பாக்கியின் ஸ்க்ரூவை இறுக்க, இவ்வளவு விசைக்கு மேல் போகாதே என்று காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருப்பார்கள். 2008-ல் பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்குச் சற்று முன், ஒத்திகையில் அபினவ் பிந்த்ரா சுட்ட குண்டு 4-ல் போய் விழுந்தது. குறிகாட்டி நகர்ந்திருந்தது. அதைத் திருகிச் சரிசெய்தார். கடைசிக் குண்டு 10.8. தங்கம். திருகுவது தப்பில்லை. எது வரைக்கும் என்று தெரிய வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் மகனோடு மெரினாவுக்குப் போய்த் துப்பாக்கியைக் கொடுத்தேன். அக்கா குழாயை மடக்கினார். வெண்ணெய். எனக்குப் பெருமை. பச்சையைக் குறிவைத்துச் சுட்டார். ஒன்றும் வெடிக்கவில்லை. சிவப்பைக் குறிவைத்தார். அதுவும் இல்லை.

“என்னக்கா, சரியாயிடுச்சே?”

“சரியாத்தான் கீது சார். இப்ப எங்க போவுதுன்னு நான் தெரிஞ்சிக்கணும்ல.”

சொந்தக் குண்டில் ஏழெட்டு முறை சுட்டுப் பார்த்தார். எந்தத் துப்பாக்கி எத்தனை விரல்கடை தள்ளிச் சுடும் என்பது அவர் கைக்குள் இருந்த கணக்கு. ஸ்க்ரூவோடு சேர்த்து அதையும் நான் கழற்றியிருக்கிறேன். அதற்கு எந்தப் பட்டறையிலும் மண்ணெண்ணெய் கிடையாது.

திரும்பி நடக்கும்போது மகன் கேட்டான். “அப்பா, அந்த ஆன்ட்டிகிட்ட கேக்காம ஏன் திருகினே?”

“கேட்டேனேடா.”

“அவங்க வேணாம்னாங்களேப்பா.”

பேன்ட் சட்டை போட்டவன் தெம்பாகப் பேசினால், கடை வைத்திருப்பவர் பலமாக மறுக்க முடியாது. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதைப் பத்து வயதுப் பையனுக்கு எப்படி விளக்குவது? சாவிக்கொத்திலிருந்து அந்தத் திருப்புளியைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டேன். வளையம் இறுக்கமாக இருந்தது. கழற்ற ஐந்து நிமிஷம் ஆயிற்று.