தம்பியின் உள்ளங்கை

என் தம்பியின் வலக்கை சரியாகத் திரும்பாமல் போனதற்கு விதி காரணமில்லை, கட்டுப் போட்ட வைத்தியரும் காரணமில்லை. நான்தான் காரணம். ஊரில் யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 14-ஆம் தேதியோடு தடைக்காலம் முடிந்து, ராமேஸ்வரத்திலிருந்து எங்கள் விசைப்படகு கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தது. வலை இழுக்கும்போது தம்பி வழுக்கி வின்ச்சின் மேல் விழுந்தான். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. தோல் கிழியவில்லை.

ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் என்னிடம் சொன்னார்: “சின்னப் பிள்ளைன்னா பெரும்பாலும் மாவுக்கட்டு போதும், வளர வளர எலும்பு நேராகிடும். வளர்ந்த ஆளுக்கு ரெண்டும் முறிஞ்சா ஆபரேஷன்தான். தகடு வச்சு ஸ்க்ரூ போடணும்.” முன்கையில் ஓர் எலும்பு நிலையாக நிற்க, வில்லாக வளைந்த ஆர எலும்பு அதைச் சுற்றி வருவதால்தான் உள்ளங்கை திரும்புகிறது. முறிந்த துண்டுகளைத் தசைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். வெளிக்கட்டால் அவற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. 20 டிகிரி கோணலாகக் கூடினாலே கை திரும்புவது வெகுவாகக் குறைந்துவிடும். இவ்வளவும் எனக்குப் புரிய வைத்துத்தான் அனுப்பினார்.

வெளியே வந்து தம்பியிடம், “கட்டுப் போட்டாலே கூடிரும்னு சொல்லிட்டாக” என்றேன். பொய். பணமும் பிரச்சினையில்லை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆபரேஷன் என்றால் மூன்று நான்கு மாதம் படகுக்கு ஆள் இல்லை, கட்டு என்றால் ஒன்றரை மாதத்தில் வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். தடைக்காலக் கடன் கழுத்தை நெரித்தது. கத்தி வைக்கப் பயந்தோம் என்று ஊருக்குச் சொன்னேன். அதுவும் பொய்.

வைத்தியரிடம் கூட்டிப்போய், அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய இரண்டாம் இரவு அவன் விரல்கள் வீங்கின. வலியில் அழுதான். “இறுக்கினாத்தான் சேரும்” என்று நான் அதட்டினேன். கட்டுக்குள் வீக்கம் ஏறி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் தசை செத்து, விரல்கள் கொக்கிபோல மடங்கிவிடும். 1881-லேயே ஃபோல்க்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்த ஆபத்து இது. விடியுமுன் அம்மாதான் கட்டைத் தளர்த்தினாள். விரல்கள் தப்பின.

கட்டுப் பிரித்த அன்று அம்மா மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து நீட்டினாள். தம்பி வலக்கையை நீட்டினான். கட்டைவிரல் மேலே பார்த்தபடி கை நின்றுவிட்டது, உள்ளங்கை திரும்பவில்லை. தோளைச் சாய்த்துப் பார்த்தான். உருண்டை தரையில் விழுந்தது. பிறகு இடக்கையை நீட்டினான். அம்மா எதுவும் பேசாமல் அதில் சோற்றை வைத்தாள்.

கோணலாகக் கூடிய எலும்பை மதுரையில் மறுபடி வெட்டி, நேராக்கி, தகடு வைத்தார்கள். கை பாதிதான் திரும்பியது. முதலிலேயே செய்திருந்தால் சில நாளில் விரலையும் முழங்கையையும் அசைத்திருக்கலாம். மதுரை ஆபரேஷனுக்கு முந்தைய இரவு அவனிடம் உண்மையைச் சொன்னேன். “அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அண்ணே” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது கை முறிந்தால், டாக்டர் சொன்னதை முறிந்தவரிடமே சொல்லுங்கள். எந்தக் கட்டானாலும், விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலியோ மரத்துப்போவதோ இருந்தால் உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கை அவருடையது. அதைப் பற்றிய முடிவும் அவருடையதுதான்.