'தந்தையின் தொழில்' என்ற கட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுது. கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் எமது மாதாந்தச் சந்திப்பு முடிந்து எல்லோரும் கலைந்து சென்ற பின்னும் ஓர் அக்கா மட்டும் போகாமல் நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மகளின் பல்கலைக்கழகப் பத்திரங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தச் சங்கத்துப் பிள்ளைகளில் சட்டத்துறைக்குத் தெரிவான முதலாவது பிள்ளை அவள்.

"மிஸ், மஹாபொலவுக்குப் போடவேணும். இந்த இடத்தில என்ன எழுதுறது?"

அவர் விரலை வைத்த இடத்தில் தந்தையின் தொழிலும் வருமானமும் கேட்கப்பட்டிருந்தன. அவருடைய கணவர் 2009இல் காணாமற்போனவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் கணவரின் படத்தோடு இருந்தவர் இவர். "மரணச் சான்றிதழ் எடுத்து வைச்சால் அலுவல் சுகமா முடியும்" என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"பிள்ளையின்ர படிப்புக்காக அவரை நானே சாகடிக்கிறதோ?" என்று கேட்டார். சமூகவியலில் பட்டம் பெற்ற எனக்கு உடனே சொல்வதற்கு ஒரு பதிலும் இருக்கவில்லை.

நானும் மஹாபொலப் பணத்தில் படித்தவள்தான். அது எவரும் மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நம்பிக்கை நிதியம் அது. அதற்கு வித்திட்ட லலித் அத்துலத்முதலியும் ஒரு சட்டத்தரணியே. மாதம் 5,000 ரூபாவாக இருந்த கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மஹாபொல கிடைக்காத வசதி குறைந்த மாணவருக்குப் 'பர்சரி' எனப்படும் உதவுதொகையும் உண்டு. ஆனால் இவற்றையெல்லாம் பெறுவதற்குப் படிவம் நிரப்ப வேண்டும். தகப்பன் ஒன்றில் உயிரோடு இருப்பார், அல்லது இறந்திருப்பார் என்று எண்ணியே அநேகமான படிவங்கள் தயாரிக்கப்படுகின்றன. எமது வீடுகளில் மூன்றாவது நிலையும் உண்டு.

அந்த மூன்றாவது நிலையைச் சட்டமும் பிந்தியே கண்டுகொண்டது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்று சான்றிதழ் பெறும் வழி 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் ஏற்பட்டது. அவர் இறந்துவிட்டார் என்று அந்தச் சான்றிதழ் கூறுவதில்லை. இதை நான் விளக்கியபோதும் அக்கா உடனே சம்மதிக்கவில்லை. "அதை வாங்கினால் தேடுறதை விட்டிட்டன் எண்டு நினைப்பினமே" என்றார். அவருடைய பயத்தை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். வாக்குறுதிகள் பலவற்றைக் கேட்டுக் களைத்தவர் அவர்.

முடிவில் அந்தக் கட்டத்தில் "2009 முதல் காணாமற்போயுள்ளார்" என்று தமது கையாலேயே எழுதினார். முறைப்பாடுகளின் பிரதிகளை இணைத்தோம். தையல் வருமானத்தில் அவரே குடும்பத்தை நடத்துகிறார் என்று கிராம சேவையாளர் உறுதிப்படுத்தினார். இரண்டு தடவை பிரதேச செயலகத்துக்கு அலைந்தோம். பிள்ளைக்கு மஹாபொல கிடைத்தது.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் ஆண்டு. அடுத்த கவலை இப்போதே தொடங்கிவிட்டது. சட்டமாணிப் பட்டம் பெற்றவுடன் ஒருவர் சட்டத்தரணியாகிவிடுவதில்லை. கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை, மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் என்று பாதை நீளும். மஹாபொலவோ பட்டப்படிப்போடு நின்றுவிடும். கட்டணம், கொழும்பில் அறை வாடகை, கறுப்பு அங்கி என்று செலவு கூடும் இடத்தில்தான் கை வெறுமையாகிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. ஒரு தடை நீங்கியது. பணத் தடை இருக்கிறது.

இதைச் சங்கக் கூட்டத்தில் பேசினோம். முப்பது பெண்கள் மாதம் 50 ரூபா போட்டால் 1,500. வருடத்துக்கு 18,000. "ஒருத்தியின்ர பிள்ளைக்கு நாங்கள் ஏன் போடவேணும்?" என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். நியாயமான கேள்வி. நீண்ட நேரம் கதைத்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவள் சட்டத்தரணியான பின் மாதம் ஒரு நாள் சங்கத்துக்கு வந்து எமது காணி உறுதிகளையும் தாபரிப்பு வழக்குப் பத்திரங்களையும் வாசித்து விளக்க வேண்டும். எடுத்த பணத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி வைக்க, அது அடுத்த பிள்ளைக்குப் போகும். கேள்வி கேட்டவரே முதலாவது 50 ரூபாவை மேசையில் வைத்தார்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களும் இருக்கின்றன. பிரித்தானியாவின் செவெனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கானது. 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்து நாடு திரும்ப வேண்டும். வயதெல்லை இல்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஆகவே அதை எடுத்துத் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை உயர்தரம் எழுதும் முன்பே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, குடும்ப அட்டை, முறைப்பாட்டுப் பிரதிகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பெயர் எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் இரண்டாவது அலைச்சல் ஓர் எழுத்துப் பிழையால் வந்தது.

படிவத்தின் கட்டத்துக்குள் உங்கள் வாழ்க்கை அடங்கவில்லையென்றால் பொய் எழுத வேண்டாம். உள்ளதை எழுதி, அதற்குரிய கடிதத்தை இணையுங்கள். சென்ற விடுமுறைக்கு வந்தபோது அந்தப் பிள்ளை என்னிடம், "அக்கா, அந்தக் கட்டத்தை மாத்தவும் ஒரு சட்டத்தரணி வேணும்தானே" என்றாள். தாய் தையல் இயந்திரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவருடைய 50 ரூபா எல்லோருக்கும் முன்னதாக வந்து சேர்ந்தது.