குளிர்கால ஆற்றில் தூண்டில்

சால்மன், டிரவுட் வகைகளை விட்டுவிட்டு மற்ற நன்னீர் மீன்களுக்குத் தூண்டில் போடுவது இங்கிலாந்தில் 'கோர்ஸ் ஃபிஷிங்' எனப்படுகிறது. பெரும்பாலும் அது பொழுதுபோக்குதான். பிடித்த மீன் மறுபடி ஆற்றுக்கே போகும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இதற்குத் தடை உண்டு. அதனால் பருவத்தின் கடைசி மாதங்கள் குளிரில் அமைகின்றன.

குளிர்காலத்தில் நீர்ச்செடிகள் மடிந்துவிடும். ரோச், டேஸ் போன்ற மீன்கள் ஓட்டம் மந்தமான ஆழங்களில் கூட்டமாக ஒதுங்கும். ஒரு மீன் சிக்கினால் அங்கேயே பல சிக்கலாம். நீர் குளிரக் குளிர மீன்களின் செரிமானம் மந்தமாகி இரைதேடல் குறையும். ஆனாலும் சப், கிரேலிங், பைக் ஆகியவை கடுங்குளிரிலும் கடிக்கும். பனி உருகிய நீர் சட்டென்று கலக்கும் நாளில் மட்டும் கடி அரிது. மேகமூட்டமான, இதமான நாளின் அந்திப்பொழுதே நல்ல நேரம்.

சப் மீனுக்கு ரொட்டித் துணுக்கும் சீஸ் பிசைந்த மாவும் இரை, ரோச்சுக்கு ஈப்புழு. தக்கையை ஓட்டத்தோடு மிதக்கவிட்டு, இடையிடையே தூண்டில் நரம்பை லேசாகப் பிடித்து நிறுத்துவார்கள். அப்போது இரை தக்கைக்கு முன்னே எழும்பும். கடி பெரும்பாலும் அந்த நொடியில்தான். உறைபனி நாளில் கம்பின் வளையங்களில் பனிக்கட்டி கட்டி நரம்பு ஓடாது. நுனியை ஆற்றில் முக்கினால் இளகிவிடும்.

கோடையின் படகுகளும் கூட்டமும் அப்போது இல்லை. மீன்களும் கொழுத்துத் திடமாக இருக்கும். குளிரில் கரையோரம் உட்காருவோருக்கு அதுவே ஆதாயம்.