ஏரியலும் மின்னலும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு நண்பர்கள் பணித்தபொழுது, எமது பௌதிக ஆசிரியர் ஒருநாட் கேட்ட வினாவே நினைவுக்கு வந்தது.

உயர்தர வகுப்பில் அவர் ரிச்மானின் கதையைச் சொல்லியிருந்தார். 1753ஆம் ஆண்டில், சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில், கூரைமேல் நாட்டிய இரும்புக் கோலிலிருந்து அறையினுள்ளே கம்பி கொணர்ந்து முகிலின் மின்னேற்றத்தை அளக்க முயன்ற அறிஞர் அவர். கம்பிக்குப் புவித்தொடுப்பு இல்லை. மின்னல் தாக்கி இறந்தார். யாம் அதனைக் குறிப்பேட்டில் அழகாக எழுதிக்கொண்டோம். வீட்டிலோ அவர் செய்ததையே செய்தோம்!

வளவுப் பனையிலிருந்து குசினி முகடுவரை செப்புக் கம்பி. அதிலிருந்து சன்னல் வழியாக மேசைக்கு ஊட்டுகம்பி. சிற்றலையில் அமெச்சூர் வானொலியாளரின் மோர்ஸ் ஒலிகளைக் கேட்பதில் எமக்கு அடங்கா ஆசை. ஐப்பசி மாலையொன்றில் இடி முழங்கவே, ஊட்டுகம்பியை வானொலியிலிருந்து கழற்றி மேசைமீது வைத்தோம். அது போதுமென்று எண்ணினோம். மேசை விளக்கடியிற் படித்துக்கொண்டிருந்த தம்பியை அம்மா தேநீர் அருந்த அழைத்தார். அவன் குசினி வாசலை அடையுமுன் பனையில் இடி வீழ்ந்தது. கம்பி நுனியிலிருந்து விளக்குக்குத் தீ பாய்ந்தது; விளக்குச் சிதறியது; அவன் புத்தகம் எரிந்தது. ஆகாயத்தையே கடந்துவந்த மின்னலுக்கு ஒரு முழ இடைவெளி எம்மாத்திரம்!

மறுநாள் ஆசிரியர் துவிச்சக்கரவண்டியில் வந்து பார்த்தார். "தம்பி, மின்னல் வீட்டுக்குள் வர வழி வைத்திருக்கிறீர். நிலத்துக்குப் போக எங்கே வழி வைத்தீர்?" என்றார். எம்மிடம் விடை இருக்கவில்லை.

இப்பொழுது எம் மருமகன் அமெச்சூர் அனுமதி பெற்று, வீட்டின்மேல் ஏரியல் நாட்டியிருக்கிறான். ஊட்டுகம்பி சுவரினுள் நுழையுமுன்னரே, வெளிப்புறத்தில், அதன் உலோக உறையைப் புவியுடன் தொடுக்கச் செய்தோம். உட்கம்பிக்கு மின்னற்காப்பும் பூட்டுவித்தோம். புவிக்குச் செல்லும் செப்புப் பட்டி நேராகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். மின்னோட்டம் மைக்குரோசெக்கனுக்கு 10,000 அம்பியர் வீதம் ஏறுமாயின், பட்டியின் ஒவ்வொரு மீற்றரிலும் ஏறத்தாழ 10,000 உவோற்று தோன்றும். அழகுக்காக வளைத்து வளைத்துக் கட்டுவோர் இதனை அறியார்.

புவிக்கோலை அடித்து இறக்குவதுதான் பெரும்பாடு. யாழ்ப்பாணத்து மண் இரண்டடி, அதன்கீழ் சுண்ணக்கல். அலவாங்கும் வளைந்தது. ஈற்றில் கிணற்றடி வாய்க்கால் ஓரமாக, ஈரமண்ணில், அகழி வெட்டிச் செப்புப் பட்டியைக் கிடையாகப் புதைத்தோம்.

இன்னுமொன்று எஞ்சியுள்ளது. வீட்டு மின்சாரத்துக்குரிய புவிக்கோல் வேறொரு மூலையில் நிற்கின்றது. இரண்டையும் தடித்த கம்பியால் இணைக்காவிடின், ஒன்றின் அழுத்தம் உயர, மின்னல் வானொலியினூடாகவே மற்றையதைத் தேடிச் செல்லும். மருமகன் அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறான். புரட்டாதி முடியப்போகிறது, நாளைக்கே மின்தொழிலாளியை வரச் சொல்லியிருக்கின்றோம்.