நீலியும் அபிகாயிலும்

நாட்டார் வழக்காற்றியல் வகுப்பு முடிந்த ஒரு மாலையில் முதுகலை மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, ‘ஐயா, நீங்கள் இன்று நடத்திய நீலி கதையைப் போல எங்களிடமும் ஒன்று உண்டு’ என்றார். ‘எங்களிடம்’ என்று அவர் சொன்னது ஹெவி மெட்டல் இசை கேட்போரை. டென்மார்க்கைச் சேர்ந்த கிங் டயமண்ட் என்ற பாடகரின் குழு 1987இல் வெளியிட்ட ‘அபிகாயில்’ என்ற இசைத்தொகுப்பை நம் கைபேசிக்கு அனுப்பிவைத்தார். அவ்விசையை வெறும் இரைச்சல் என்றே நாம் அதுவரை எண்ணியிருந்தோம். நாகர்கோவிலில் பேருந்து ஏறியதும் கேட்கத் தொடங்கினோம். சுசீந்திரம் கடந்து கொட்டாரத்தில் இறங்குவதற்கும் தொகுப்பு முடிவதற்கும் சரியாக இருந்தது.

பாடல்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே பேய்க்கதையைச் சொல்கின்றன. 1845இல் ஜோனதன், மிரியம் என்னும் இளம் தம்பதியர் மரபுரிமையாகக் கிடைத்த மாளிகைக்குக் குடிவருகிறார்கள். வழியில் ஏழு குதிரைவீரர்கள் தடுத்து எச்சரிக்கிறார்கள், கணவன் பொருட்படுத்தவில்லை. 1777 ஜூலை 7 அன்று, கருவுற்றிருந்த மனைவியின் கற்பை ஐயுற்ற பிரபு ஒருவன் அம்மாளிகையின் படிக்கட்டிலிருந்து அவளைத் தள்ளிக் கொன்றிருக்கிறான். இறந்தே பிறந்த குழந்தைதான் அபிகாயில். அவள் ஆவி மிரியத்தின் வயிற்றில் மீண்டும் கருக்கொள்கிறது. பாடும் குரல் ஒன்றே. அதுவே அடிவயிற்றிலிருந்து உறுமுகிறது, அதுவே கள்ளக்குரலில் உச்சிக்கேறி வீறிடுகிறது.

இந்த உத்தி நமக்குப் புதிதன்று. கொடைவிழாவின் நள்ளிரவில், வீசுகோல் வில்லின் நாணில் விழ, மணிகள் குலுங்க, உடுக்கும் குடமும் சேர்ந்து அதிர, ஒரே புலவர் நீலியாகவும் செட்டியாகவும் மாறிமாறிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மடியில் உறங்கும் காதலியின் தலையை மணற்குவியலில் இறக்கிவைத்து, நகைகளுக்காகக் கல்லைப் போட்டுக் கொல்கிறான் ஒருவன். அருகில் நின்ற கள்ளியே சாட்சி. மறுபிறவியில் அவன் வணிகனாகிறான். அவள் நீலியாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மனைவி என்று வழக்குரைக்கிறாள். அவளை நம்பி அவனை அவளோடு தங்கவைத்த பழையனூர் வேளாளர் எழுபதுபேரும், அவன் மாண்டபின் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் வரை தடம் பதித்த கதை இது. தென்திசை வந்த நீலி, கள்ளியங்காட்டிலும் முப்பந்தலிலும் இசக்கியாக அமர்ந்தாள்.

கல் விழும் இடம் வரும்போதெல்லாம் நம் ஆச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுவாள். பந்தலில் குலவை எழும், கோமரத்தாடி ஆடத் தொடங்குவார். அவள் மட்டும் நிமிரமாட்டாள். வில்லுப்பாட்டில் மரணத்தைப் பாடும் பகுதியே நிகழ்ச்சியின் உச்சம், தெய்வம் இறங்குவதும் அங்கேதான் என்று ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இம்மாவட்டக் கொடைகளை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலில் காட்டியிருக்கிறார். முதுகலை படித்த திமிரில் அதையெல்லாம் ஆச்சிக்கு விளக்கினோம். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: ‘அவளுக்குப் பாட்டு இருக்கு மக்ளே.’

நம் அத்தை ஒருத்தி, மணமாகாதவள், கிணற்றில் இறந்தவள். வீட்டில் அவள் பெயரைச் சொல்லக் கேட்டதில்லை. மச்சில் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஆண்டுக்கொருமுறை அதில் புதுப்பாவாடையும் வளையலும் வைத்து, ‘கன்னிக்கு’ என்று விளக்கேற்றுவார்கள். ஏன் கிணற்றுக்குப் போனாள், யார் சொல்லால் போனாள் என்பதை எவரும் சொன்னதில்லை. பாவாடை உண்டு, கதை இல்லை. ஆச்சி அழுதது நீலிக்காக மட்டுமன்று என்பது அவள் போன பின்னரே நமக்கு உறைத்தது.

‘அபிகாயில்’ ஒரு சவ அடக்கத்தோடு தொடங்குகிறது. அவள் மீண்டும் எழாதிருக்கச் சவப்பெட்டியில் ஏழு வெள்ளி ஆணிகளால் அறைகிறார்கள். அச்சத்திற்கு அவர்கள் கண்ட தீர்வு ஆணி. நம்மவர்கள் கண்டது பொங்கலும் மஞ்சணையும் விடிய விடியப் பாட்டும். இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டே பேருந்திலிருந்து இறங்கியிருப்போம், அந்தப் பெட்டி நினைவுக்கு வராதிருந்தால். ஆணியின்றியும் ஒரு பெட்டியை மூடலாம். இசக்கியை ஊர் கூடிப் பாடுகிறது, அவள் கொலையாளி நம் வீட்டான் அல்லன் என்பதால். வீட்டுக்குள் நடந்ததற்கு மட்டும் நாம் பட்டு உடுத்தி வாய்மூடிவிடுகிறோம்.

கடந்த தை மாதம் பெட்டியைத் திறந்தபோது மகள் அருகில் நின்றாள். ‘கன்னி என்றால் யாரப்பா?’ என்றாள். அத்தையின் பெயரைச் சொன்னோம். அறிந்தது கொஞ்சம்தான், அதையும் சொன்னோம். விளக்கு அணையும்வரை அவள் கேள்விகளை நிறுத்தவில்லை. நம்மிடம் விடை இல்லாத கேள்விகளே மிகுதி.