நங்கூரம் கற்றுத்தந்த பாடம்

கடற்கரை ஊரில் பிறந்தவர்க்குக் கடலே முதற்பள்ளி. எனக்கு அப்பள்ளியின் ஆசிரியராக வாய்த்தவர் என் தாய்மாமா. பாய்த்தோணி ஒன்றில் தண்டலாக இருந்தவர் அவர். தோணியின் தலைமை மாலுமியைத் தண்டல் என்பது எங்கள் கடற்கரை வழக்கு. பின்னாளில் தமிழாசிரியனாகிய நான், நங்கூரம் என்னும் சொல் பாரசீகத்து 'லங்கர்' என்பதோடு உறவுடையது என அகராதியில் படித்தேன். ஆனால் அச்சொல்லின் பொருளை 1971ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களின் ஓர் இரவிலேயே கற்றிருந்தேன். இதுகாறும் எவரிடமும் சொல்லாத அந்நிகழ்ச்சியை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அப்போது எனக்கு வயது பதினேழு. பள்ளியிறுதித் தேர்வில் தேறியும் கல்லூரியில் சேரப் பொருளில்லை. "ஓராண்டு என்னோடு தோணியில் வா, அடுத்த ஆண்டு உன்னைச் சேர்ப்பது என் பொறுப்பு" என்றார் மாமா. தூத்துக்குடியில் உப்பேற்றிக்கொண்டு பாம்பன் நோக்கிப் புறப்பட்டோம். கீழக்கரைக்கு எதிரே வந்தபோது காற்று தளர்ந்தது, பொழுதும் சாய்ந்தது. இரவைக் கழிக்க, அங்குள்ள தீவுகளுள் ஒன்றின் வடபுறத்தை மாமா தேர்ந்தார். தென்காற்றுக்குத் தீவே அரணாகும் என்பது கணக்கு. இன்று அத்தீவுகள், 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பவளப்பாறைகளின் மீது நங்கூரம் விழுந்தால் பல்லாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் நொறுங்கும். பவளத்தின் அருமையை நாங்கள் அன்று அறியோம். பாறையில் சிக்கினால் நங்கூரம் மீளாது என்பதை மட்டும் அறிவோம். எனவே மணற்பாங்கான இடம் தேடினோம்.

நங்கூரத்தை எறியலாகாது, இறக்க வேண்டும். அணியம் எனப்படும் முன்பகுதியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, தோணி முற்றும் நின்ற பின் நங்கூரத்தைத் தரைதொட விடவேண்டும். தோணி மெல்லப் பின்வாங்க வாங்கக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே போகவேண்டும். நங்கூரம் தன் எடையால் மட்டும் தோணியை நிறுத்துவதில்லை. அதன் நகம் மண்ணைக் கவ்வியே நிறுத்துகிறது. கயிறு தரையோடு தாழ்ந்து கிடந்து இழுத்தால் நகம் ஆழப் பதியும். செங்குத்தாக நின்று இழுத்தால் பெயர்ந்துவிடும். அதிலும் எங்களுடையது தேங்காய்நார்க் கயிறு. நீரில் மிதக்கும் இயல்புடையது. ஆதலால் நங்கூரத்தை ஒட்டிச் சில முழம் இரும்புச் சங்கிலி பிணைத்திருந்தோம்.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழம் பார்த்தேன். இரண்டு பாகம், அதாவது 12 அடி. நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 3 அடி. ஆக 15 அடி. "இருபது பாகம் கயிறு விடு" என்று கூறிவிட்டு மாமா உலை வைக்கச் சென்றார். நனைந்த கயிற்றைக் காலையில் இழுத்தேற்றுவது என் வேலை. அமைதியான கடலுக்கு இருபது பாகம் எதற்கு என்று எண்ணி, ஒன்பது பாகத்தோடு கட்டிவிட்டேன்.

நான் அளந்த வேளை வற்றம். அன்றோ பௌர்ணமி. வெள்ளுவாவிலும் காருவாவிலும் கதிரவனும் திங்களும் ஒரே நேர்க்கோட்டில் இழுப்பதால் ஓதம் மிகும் என்பதை நூலில் படித்திருந்தேன், தோணியில் நினைக்கவில்லை. காம்பே வளைகுடாவின் பவநகர் போன்ற இடங்களில் நீர் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். அங்கு எவரும் அதனை மறக்க இயலாது. எங்கள் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. சிறிதாக இருப்பதனாலேயே அது மறதிக்கு இடந்தருகிறது.

ஆறு மணி நேரத்தில் நீர் ஏறத்தாழ இரண்டடி உயர்ந்தது, நீவாடும் திரும்பியது. நள்ளிரவுக்குப் பின் தென்காற்று அடங்கி, மழையோடு வாடை சீறிற்று. அரணாக நின்ற தீவே இப்போது எங்களைப் பலிகொள்ளும் கரையாயிற்று. நீரின் ஆழமும் அணியத்தின் உயரமும் சேர்ந்த அளவைப்போல் ஏழு மடங்கு கயிறு வேண்டும் என்பது கடலோடிகளின் கணக்கு. ஏறிய நீரோடு 17 அடி. ஏழு மடங்கு 119 அடி. அதாவது இருபது பாகம். நான் விட்டதோ 54 அடி.

மாமா விழித்தெழுந்து நங்கூரக் கயிற்றில் உள்ளங்கையை வைத்தார். நன்கு பதிந்த நங்கூரத்தின் கயிறு இறுகி அசைவற்றிருக்கும். இழுபடும் நங்கூரத்தின் கயிறு அதிரும். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்த இரு பனைகளைப் பார்த்தார். அவை விலகி நின்றன. உடனே இரண்டாம் நங்கூரத்தை இறக்கி, கையிலிருந்த கயிறு முழுவதையும் விட்டார். தோணி நின்றது. அதற்குள் சுக்கான் பாறையில் மோதி முறிந்திருந்தது. அடிப்பலகை கசிந்து உப்பில் ஒரு பகுதி கரைந்தது.

விடிந்ததும் மாமாவே கயிற்றை இழுத்தார். பாகத்துக்கொரு முடிச்சு, ஒன்பது முடிச்சுகளை எண்ணியிருப்பார். "மருமகனே, நீ நீரை அளந்தாய், நிலவை அளக்கவில்லை" என்றார். அவ்வளவே. தோணி உரிமையாளர் வினவியபோது, "தண்டல் நான், பிழையும் என்னுடையதே" என்று கூறினார். அவரது ஊதியத்தில் பிடித்தம் செய்தார்கள். என் உம்மாவிடம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு சொன்னபடி என்னைக் கல்லூரியில் சேர்த்தார். அப்பணத்தை எவ்வாறு திரட்டினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு எனக்கு இல்லை. மன்னிப்பும் கேட்காமலே இருந்துவிட்டேன். இன்று கேட்க அவர் இல்லை.

மாணவர்களே, நங்கூரமிடும் வேளையில் இருக்கும் நீரை அளப்பது எளிது. வரவிருக்கும் நீருக்கும் திரும்பவிருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் கயிறு விடுவதே அறிவு. என் வாழ்வில் இருபது பாகம் கயிறு விட்டவர் என் மாமா. அக்கயிற்றின் முனையில்தான் நான் இன்றும் நிற்கிறேன்.