மேசைக் கண்ணாடியின் கீழ்

மௌஸுக்குக் கீழே விரிக்க ஒரு துண்டு ரப்பர் வாங்குவது பெரிய காரியமில்லை. அதற்காக நான் மூன்று தடவை கண்டி டவுனுக்குப் போய் வந்ததைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிக்கிறார்கள்.

கம்பியூட்டரை வைத்திருப்பது வாப்பாவின் கடை மேசையில். கலகெதர பஸாரில் கடையை மூடியபோது வீட்டுக்கு வந்த ஒரே தளபாடம் அது. மேலே தடித்த கண்ணாடி. மௌஸை அதில் வைத்தால் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது மூலைக்குப் பாயும். முன்பெல்லாம் மௌஸின் வயிற்றில் ஒரு பந்து உருண்டது. அழுக்குச் சேர்ந்தால் கழற்றி நகத்தால் சுரண்டுவோம். 1999இல் மைக்ரோசொஃப்ட் பந்தில்லாத மௌஸைச் சந்தைக்கு விட்ட பிறகு அந்த வேலை மெல்ல மெல்ல ஒழிந்தது. இப்போதைய மௌஸ் தனக்குக் கீழுள்ள பரப்பை ஒரு செக்கனில் ஆயிரம் தடவைக்கு மேல் படம் பிடித்து, முந்திய படத்தோடு ஒப்பிட்டே தான் நகர்ந்ததை அறிந்து கொள்கின்றது. துணியிலும் மரத்திலும் சிறு சொரசொரப்பு உண்டு. துடைத்த கண்ணாடியில் அதற்குப் பார்க்க ஒன்றுமில்லை. அடியில் கிடக்கும் தாளோ அதன் பார்வைக்கு எட்டாது.

எனக்கோ அந்தத் தாள்தான் பிரச்சினை.

ஊரார் வாப்பாவுக்குத் தர வேண்டியது கொப்பியில் இருக்கும். வாப்பா கொடுக்க வேண்டியது கண்ணாடிக்குக் கீழே, வலக்கைப் பக்கம், கண்ணுக்கு நேரே. "தர வேண்டியவன் மறந்தா மறக்கட்டும், நாம மறக்கப்படாது" என்பார். கொடுத்து முடித்ததும் தாளை உருவியெடுத்து நீல மையால் ஒரு கோடு. அவர் மௌத்தானபோது கோடு விழாமல் மூன்று வரிகள் இருந்தன. இரண்டை நானாவும் நானும் நாற்பதாம் கத்தத்துக்கு முன்னரே தீர்த்து விட்டோம். மூன்றாவது, தாளின் ஆக மேல் வரி: "பாணிக்காரர் 340/-". பெயருமில்லை, ஊருமில்லை.

கண்டி இராச்சியத்தில் பொதிமாடுகளுக்குப் பொறுப்பான மடிகே பகுதியில் முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். உப்பும் கருவாடும் மேலே வரும், பாக்கு கீழே போகும். மடிகே எங்கள் பக்கத்தில் இன்றும் ஊர்ப்பெயர். அந்த வழியில் வந்த வாப்பாவுக்குக் கித்துள் பாணி கொண்டு வரும் சிங்கள மனிதரின் பெயரை எழுதி வைக்கத் தோன்றவில்லை. முகம் போதுமாக இருந்தது. முகத்தை வைத்துக்கொண்டு போனவர் அவர். எங்களுக்கு மிஞ்சியது தொகை மட்டும்.

வஸிய்யத்தும் கடனும் தீர்ந்த பின்னர்தான் வாரிசுப் பங்கு என்று சூரா அந்நிஸா சொல்வது நானாவுக்கும் தெரியும். "ஆள் இல்லாட்டி அவர் பேர்ல ஸதகா குடுத்துட்டு முடியேன்டா" என்கிறார். பள்ளி ஹஸ்ரத்தோ முதலில் தேடச் சொன்னார். நம்பிக்கை அற்றுப் போனால்தான் ஸதகா. 340 கொடுத்தால் கடன் தீரும், மனமுவந்து கூட்டிக் கொடுப்பது நல்லது என்றும் சொன்னார். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு போத்தல் நல்ல பாணி கிடையாது.

இனி மௌஸ் பேட். நானா உம்றாவிலிருந்து ஒன்று கொண்டு வந்தார், கஃபாவின் படம் போட்டது. அதன்மேல் எப்படி முழங்கையை ஊன்றுவது? அலுமாரிக்குள் வைத்தேன். கண்டியில் ஒரு கடைப் பையன் மணிக்கட்டுக்கு ஜெல் மேடு வைத்த பெரியதை எடுத்துப் போட்டு, "அங்கிள், கைக்கு இதுதான் சுகம்" என்றான். உண்மைதான். ஆனால் விரித்தால் முழுத் தாளும் மூடிப் போகும். மகள் கண்ணாடியைத் தூக்கித் தாளை இடப்பக்கம் நகர்த்தப் பார்த்தாள். எங்கள் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு நூலளவு கிழிந்ததும் "விடு மகள், விடு" என்று கத்தியே விட்டேன். அடிமட்டத்தால் அளந்து எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை போனேன்.

இப்போது கிடப்பது 22க்கு 18 சென்ரிமீற்றர், படமில்லாத கறுப்பு. கொஞ்சம் கீழே இறக்கி வைத்ததில் அந்த ஒரு வரி மட்டும் வெளியே தெரிகின்றது. கை மேசை விளிம்பில் தொங்குவதால் இரண்டு பக்கம் எழுதுவதற்குள் மணிக்கட்டு உளைகின்றது.

சந்தைக்குப் பாணி கொண்டு வருபவர்களிடம் சிங்களத்தில் கேட்டுக் கொண்டே இருக்கிறேன். போன கிழமை ஒரு வயதான பெண், தன் தகப்பனார் கலகெதரவில் ஒரு முஸ்லிம் கடைக்குப் பாணி போட்டதாகச் சொன்னாள். எந்தக் கடை என்று நினைவில்லையாம். மூத்த அண்ணனிடம் கேட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள்.